மார்ச்சுக்குள் ஒரு நினைவஞ்சலி

அந்தப் பக்கத்தை மடித்துவிடாதீர்கள் தம்பி, ஒரு நிமிஷம். அதற்கு முந்தைய பக்கம். ஆமாம், அரைப் பக்கத்துக்கு ஒரு பெரியவர் படம் இருக்கிறதே, அதுதான். எங்கள் சங்கரன்கோவில் ஆவுடை ஜவுளி மாளிகை முதலாளி குற்றாலிங்கம். இரண்டாம் ஆண்டு நினைவஞ்சலி. கலரில் போட்டிருக்கிறார்கள். போன வருஷமும் அரைப் பக்கம்தான், கலர்தான். போன வருஷம் அதை வாங்கிக் கொடுத்தவன் நான். இந்த வருஷம் வேறு ஒருவன்.

நீங்கள் படியுங்கள். நான் ஓரமாகப் பார்த்துக்கொள்கிறேன். அந்த பஸ் ஜன்னல் ஷட்டர் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது? கழுகுமலை தாண்டினால் இன்னும் ஆடும். ஏதாவது காகிதத்தை மடித்துச் செருகினால் நின்றுவிடும். இது வேண்டாம், இன்றைய பேப்பரைக் கிழிக்காதீர்கள். இன்றைய பேப்பரைக் கிழிப்பதைப் பார்த்தால் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். பழக்கம்.

ஆடிட்டர் ஆபீசில் வேலை என்றா சொன்னீர்கள்? அப்படியென்றால் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நீங்களே நியாயம் சொல்லுங்கள். என் பெயர் கோமதிநாயகம். இந்தப் பேப்பருக்கு எங்கள் ஊரில் விளம்பர ஏஜென்ட். இருந்தேன் என்று சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. போன வருஷம் எடுத்துவிட்டார்கள். திரும்பக் கிடைக்க ஒரு வழி இருக்கிறது. கோவில்பட்டி மில் ஸ்டாப்பில் மரகதம் என்று ஒரு அம்மா இருக்கிறாள். அவள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். மதுரைத் தலைமை ஆபீசில் ஜெனரல் மேனேஜரே சொல்லிவிட்டார், அந்த அம்மா எழுத்தில் கொடுக்கட்டும், பார்க்கலாம் என்று. எழுதி, டைப் அடித்து, இதோ கவரில் வைத்திருக்கிறேன். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

இன்றைக்குக் கிளம்பியதற்கும் காரணம் இருக்கிறது. இன்று அந்த முதலாளியின் நினைவு நாள். அவள் மனசு கொஞ்சம் இளகியிருக்கும் இல்லையா?

ஒரு பேப்பர் கம்பெனி எதில் பிழைக்கிறது என்று நினைக்கிறீர்கள்? பேப்பர் விற்று எவனும் பிழைக்கவில்லை. நீங்கள் கொடுத்த காசு காகிதத்துக்கும் மைக்குமே பத்தாது. அதிலும் கடைக்காரனுக்குக் கமிஷன், வேனுக்கு டீசல், விற்காமல் திரும்பி வருகிற கட்டு. விளம்பரம்தான் சோறு. விளம்பரத்திலும் பெரிய கம்பெனிக்காரன் பாதிக்குப் பாதி தள்ளுபடி கேட்பான். அரசாங்க டெண்டர் என்றால் நடையாய் நடக்க வேண்டும். கேட்ட தொகையை முன்பணமாகக் கொடுத்துவிட்டுப் பேரம் பேசாமல் போகிறவர்கள் யார்? வீட்டில் சாவு விழுந்தவர்கள். கண்ணீர் அஞ்சலி, பதினாறாம் நாள், முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு. டீக்கடையில் பேப்பர் பார்க்கிறவன் தான்தான் கம்பெனியை நடத்துவதாக நினைத்துக்கொண்டிருக்கிறான். நடத்துகிறவர்கள் போட்டோவில் இருக்கிறவர்கள்.

அந்த வேலையில் என்னை அடிக்க எங்கள் ஜில்லாவில் ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. விளம்பரம் வந்த அன்றைக்கு அந்தப் பக்கத்தைக் கொடுத்தவர் கையில் சேர்க்க வேண்டும். வவுச்சர் காப்பி என்போம். போட்டாயிற்று, பாருங்கள், என்பதற்கு அத்தாட்சி. மற்ற ஏஜென்டுகள் பில்லோடு சேர்த்துத் தபாலில் போடுவார்கள். நான் பொழுது விடிந்ததும் நேரில் போவேன். விளம்பரம் வெளியே தெரிகிற மாதிரி மடித்து, பழுப்புக் கவரில் வைத்து. மடிப்பு முகத்தின் மேல் விழக்கூடாது. கண்ணுக்கு நடுவே கோடு விழுந்த படத்தைக் கொடுத்தால் வீட்டுக்காரர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் அடுத்த வருஷம் நம்மைக் கூப்பிட மாட்டார்கள். இதெல்லாம் யாரும் சொல்லித் தந்ததில்லை. நாமாகப் பார்த்துக்கொள்வது.

இன்னொன்று. காசு வாங்கியதெல்லாம் வருமானம் இல்லை. இது உங்களுக்குத் தெரியும். பிப்ரவரியில் ஒருவர் ஏப்ரலுக்கு விளம்பரம் கொடுத்துப் பணமும் கட்டிவிட்டார் என்றால், அது கம்பெனிக் கணக்கில் கடன் மாதிரிதான் உட்கார்ந்திருக்கும். என்றைக்கு அச்சாகிறதோ அன்றைக்குத்தான் வருமானம். திருநெல்வேலி ஆபீசில், காலையில் வந்ததும் கணக்குப் பிரிவில் பேப்பரை விரித்துவைத்துச் சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு விளம்பரமாக டிக் அடிப்பார்கள். அச்சில் வந்தால் உண்டு. வராவிட்டால் இல்லை. நல்ல முறைதான். நான் குறை சொல்லவில்லை. கெடுத்தது வருஷக் கணக்கு முடிகிற மார்ச் மாதம்.

ஜெயசீலன் என்று ஒரு மேனேஜர். விளம்பர மேனேஜர், திருநெல்வேலிப் பதிப்புக்கு. நாகர்கோவில் பக்கத்துப் பையன். முதலில் டிரெய்னியாக வந்தபோது கடைவீதியில் யாரிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாது. என் டிவிஎஸ்ஸில் பின்னால் உட்கார வைத்துக் கடை கடையாக அறிமுகப்படுத்தியவன் நான். மதியம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. என் வீட்டுக்காரி அவனுக்கென்று காரம் குறைத்து வைப்பாள். பிறகு மேனேஜராகி ஏசி ரூமில் உட்கார்ந்த பிறகும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவான். ஆள் மாறவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் மார்ச் கடைசியில் போன் செய்தான்.

"அண்ணாச்சி, ஏப்ரல் விளம்பரக் கட்டு ஒங்ககிட்ட எவ்வளவு இருக்கு?"

"நல்லா இருக்கு. ஏன்?"

"எல்லாத்தையும் இங்க அனுப்பி வைங்க. மார்ச்சுக்குள்ள அடிக்க முடிஞ்சத அடிச்சிருவோம். டார்கெட் இடிக்குது. அட்வான்ஸா கெடந்து என்ன பிரயோசனம், அச்சானாத்தான நமக்கு?"

ஸ்கூல் அட்மிஷன், கோச்சிங் சென்டர், கோடைக்கால டான்ஸ் வகுப்பு, இதெல்லாம் நாலு நாள் முன்னால் வந்தால் யாருக்கும் நட்டமில்லை. வருஷா வருஷம் நடக்கிறதுதான். எல்லா ஊர் ஏஜென்டும் கொடுப்பார்கள். நானும் கட்டை அனுப்பினேன்.

மறுபடி கேட்டான். "அண்ணாச்சி, சின்ன சைஸ்ல ஏதாவது இருக்கா? கடைசி நேரத்துல பக்கத்துல ஓட்ட விழும். ஒரு நாள் முன்னப் பின்ன ஆனாலும் சண்டைக்கு வராத பார்ட்டியா இருந்தா நல்லது."

"சின்னதெல்லாம் மேலயே வெச்சிருக்கேன், பாத்துக்கோ" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. பாத்துக்கோ என்றேன். இதை அவன் பிறகு எப்படித் திருப்பினான் பாருங்கள்.

அந்தச் சின்னதில் ஒன்றுதான் மரகதத்துடையது.

மரகதம் யார் என்று கேட்கிறீர்களா? எப்படிச் சொல்வது. குற்றாலிங்கம் முதலாளிக்கு இரண்டு வீடு. கடையின் பெயரில் இருக்கிறதே ஆவுடை, அது முதல் வீட்டம்மா. மூன்று பையன்கள். மரகதம் அந்தக் கடைக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள். ஒரு மகள், சுபா, நர்சிங் படிக்கிறாள். ஊருக்கே தெரியும், யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். முதலாளி அவளுக்குக் கழுகுமலை ரோட்டில் ஒரு வீடு பிடித்துக் கொடுத்திருந்தார். வாடகை கடைக் கணக்கில். அவர் போன பிறகும் பையன்கள் அதை நிறுத்தவில்லை. அவரவர் பாட்டுக்கு இருந்தார்கள்.

பிப்ரவரியில் ஒரு நாள் அந்த அம்மா என் ஆபீசுக்கு வந்தாள். ஆபீஸ் என்றால் சைக்கிள் கடை மாடியில் ஒரு ரூம். குடையை வெளியே வைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினாள்.

"அண்ணாச்சி, அவுகளுக்கு ஏப்ரல் நாலு வருசம் திரும்புது. நானும் ஒண்ணு போடலாமா?"

"யார் வேணும்னாலும் போடலாம்மா. காசு கட்டினா போடுவாங்க."

"பெரிய வீட்டுல போடுத அன்னைக்கே வரணும். அதே பேப்பர்ல. எந்தப் பக்கம்னாலும் சரி, எவ்வளவு சின்னதுன்னாலும் சரி. நாள் மட்டும் மாறக் கூடாது."

எனக்குப் புரியவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"பிந்தி வந்தா, ஒளிஞ்சு ஒளிஞ்சு போட்டான்னு சொல்வாங்க. முந்தி வந்தா, எப்படி முந்திக்கிட்டா பாருன்னு சொல்வாங்க. அன்னைக்கே வந்தா என்ன சொல்ல முடியும்? எம்மக காலேஜ்ல நாலு பேரு பாப்பாங்கள்ல."

கெட்டிக்காரி. நான் வாக்குக் கொடுத்தேன். வாசகமும் நானே எழுதிக் கொடுத்தேன். 'உங்கள் குரல் கேட்ட வாசலில் இன்றும் நிற்கிறோம்.' அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு, கீழே எப்படிப் போடுவது என்று கேட்டாள். மனைவி மரகதம், மகள் சுபா என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். நான்தான், உறவெல்லாம் வேண்டாம்மா, பெயர் மட்டும் போதும், வீண் வம்பு என்று அடித்துவிட்டேன். அவளும் சரி என்றாள். என் பேச்சை அப்படிக் கேட்டவள்தான்.

அந்த விளம்பரத்தை வாங்கியதே பெரிது தம்பி. ஊரில் வேறு எவனும் வாங்கியிருக்க மாட்டான். ஜவுளி மாளிகைக்கு வருஷக் காண்டிராக்ட். ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல் என்று முழுப் பக்கம் முழுப் பக்கமாகக் கொடுக்கிற இடம். அவர்கள் முகம் சுளித்தால் கம்பெனிக்கே வலிக்கும். அப்படியிருந்தும் வாங்கினேன் என்றால் பாருங்கள்.

மார்ச் முப்பத்தொன்று காலையில் வேன் வந்தது. கட்டைப் பிரித்து ஏழாம் பக்கத்தைத் திறந்தேன். குற்றாலிங்கம் முதலாளி சின்னதாகப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. மறைவு ஏப்ரல் நாலு என்று அதிலேயே போட்டிருக்கிறது. வருஷம் முடியவே இல்லை. கீழே மரகதம், சுபா.

ஏதோ பாங்க் விளம்பரம் கடைசி நிமிஷத்தில் நின்றுவிட்டதாம். ஓட்டை விழுந்திருக்கிறது. ஜெயசீலன் கட்டின் மேலே இருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டான். கீழே பெரிய வீட்டு அரைப் பக்கமும்தான் இருந்தது. அதைத் தொடுவானா? தொட மாட்டான். சின்னது, கேட்க ஆள் இல்லாதது எது என்று பார்த்து எடுத்திருக்கிறான். மனுஷனுக்கு எப்படித்தான் மனசு வருகிறதோ.

என் வீட்டுக்காரி பேப்பரைப் பார்த்தவுடனே, "மொதல்ல அந்தப் பொம்பளகிட்டப் போயிச் சொல்லிருங்க" என்றாள். பெண்களுக்கு நிலவரம் புரியாது. நான் முதலில் ஜவுளிக் கடைக்கு ஓடினேன். அங்கே அல்லவா நெருப்பு.

மூத்த பையன் செந்தூர்பாண்டி கல்லாவில் உட்கார்ந்திருந்தான். எதிரே பேப்பர் விரித்துக் கிடந்தது. உட்காரச் சொல்லவில்லை.

"வாங்க அண்ணாச்சி. எங்க அப்பா மேல ஒங்களுக்கு இம்புட்டுப் பாசமா? நாலு நாள் பொறுக்க முடியலயோ?"

"தம்பி, இது ஆபீஸ்ல நடந்த தப்பு."

"நாங்க திவசம் குடுக்கதுக்கு முன்னால ஊருக்கு அவ சொல்லுதா. நீங்க தமுக்கு அடிக்கிய. எங்கம்மா காலையில இருந்து பச்சத் தண்ணி குடிக்கல." பிறகு சிரித்தான். "வருசக் காண்டிராக்டு என்னைக்கு முடியுது அண்ணாச்சி? இன்னைக்குத்தான?"

வெளியே வந்து ஜெயசீலனுக்குப் போன் செய்தேன். அவனுக்கு அதற்குள் மதுரையிலிருந்து போன் வந்திருக்கிறது. குரலே மாறியிருந்தது.

"அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு செய்ங்க. அந்தம்மாகிட்ட ஒரு லெட்டர் வாங்கிருங்க. முப்பத்தொண்ணாம் தேதி போடச் சொல்லி நானேதான் கேட்டேன்னு. அது கையில இருந்தா கம்பெனி மேல தப்பில்ல. ஒங்க மேலயும் தப்பில்ல. நான் பாத்துக்கிடுதேன்."

நியாயமாகத்தானே இருக்கிறது? கம்பெனி தப்பிக்கும், நான் தப்பிப்பேன், அவனும் தப்பிப்பான். அந்த அம்மாவுக்கு இதில் போகப்போவது என்ன? விளம்பரம் வந்தாயிற்று. காசுக்குக் காரியம் நடந்துவிட்டது.

போனேன். தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள், தைக்கவில்லை. பேப்பர் அவளுக்கு யார் கொடுத்தார்களோ, மெஷின் பலகை மேல் இருந்தது. அன்றைக்கு வவுச்சர் காப்பி எடுத்துப் போக எனக்குத் தோன்றவில்லை. அந்த அவசரத்தில் யாருக்குத் தோன்றும்?

விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

"நான் கேட்டேன்னு எழுதணுமா?"

"ஒரு ஃபார்மாலிட்டிம்மா. ஆபீஸ்ல ஃபைல்ல கெடக்கும். யாரு பாக்கப் போறா?"

"நாலாந்தேதி மறுபடி வருமா?"

"அச்சானது அச்சானதும்மா. மறுபடி போட்டா கம்பெனி நட்டத்துல போடணும். இது அவங்களுக்கு வருமானத்துல ஏறிப்போச்சு."

சுபா உள்ளேயிருந்து வந்து கதவருகே நின்றாள். "அம்மா, போடாத" என்றாள். மரகதம் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "ஒங்க ஏஜென்சிக்கு ஏதும் ஆகிருமா அண்ணாச்சி?" என்றாள். ஆகும் என்றேன். பொய்யா சொன்னேன்? ஆகும்தானே. கையெழுத்துப் போட்டாள். மரகதம் என்று, முழுசாக, ஒவ்வொரு எழுத்தாக.

நாலாம் தேதி அரைப் பக்கம் கலரில் வந்தது. அவளுடையது வரவில்லை. எப்படி வரும்?

இனிமேல்தான் கேட்க வேண்டும் நீங்கள். அந்த லெட்டரை ஃபைலில் வைக்க வேண்டியதுதானே. ஜெயசீலன் என்ன செய்தான் தெரியுமா? ஒரு காப்பி எடுத்துச் செந்தூர்பாண்டி கையில் கொடுத்துவிட்டான். பாருங்க சார், எங்க தப்பில்ல, அந்தம்மாவே வேணும்னு கேட்டு வாங்கியிருக்கு, ஏஜென்ட்டும் கூட இருந்திருக்காரு, அவரே கட்டுல மேல எடுத்து வெச்சிட்டு ஆபீசுக்கு விவரம் சொல்லல என்று. என் பெயரும் அதில் சாட்சியாக இருக்கிறது. நானே போட்ட கையெழுத்து. என்னைக் கொண்டே குழி வெட்டி, என்னையே இறக்கிவிட்டான். வருஷக் காண்டிராக்ட் புதுப்பிக்கப்பட்டது. அதே வாரம் எனக்குக் கூரியரில் ஒரு கவர். ஏஜென்சி ரத்து. ஒரு போன் இல்லை. எங்கள் வீட்டில் சாப்பிட்டவன். புது ஏஜென்ட் யார் என்கிறீர்கள்? ஜவுளி மாளிகைக் கணக்குப்பிள்ளையின் மருமகன். சதுர சென்டிமீட்டர் என்றால் என்னவென்று தெரியாத பயல்.

அந்த அம்மா? அவளை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். லெட்டரைக் காட்டி, இப்படித் திட்டம் போட்டு எங்களை முந்திக்கொண்டவளுக்கு எங்கள் கடைக் காசில் வாடகை எதற்கு என்று கேட்டார்களாம். அவளும் எதிர்த்து ஒன்றும் பேசாமல் கோவில்பட்டிக்கு வந்துவிட்டாள். மில் பக்கத்தில் ஒரு கார்மெண்ட்ஸில் தைக்கிறாள். ஊரிலேயே இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். இப்போது ஒவ்வொரு தடவையும் பஸ் ஏற வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு தடவையும் என்றால், போன ஆவணியில் ஒரு தடவை வந்தேன். உண்மையைச் சொல்லு என்றுதான் கேட்டேன். நான் முப்பத்தொன்றாம் தேதி கேட்கவில்லை, ஏப்ரல் நாலுதான் கேட்டேன், ஆபீஸில்தான் மாற்றிவிட்டார்கள் என்று ஒரு லெட்டர். உண்மைதானே? அவள் வாயால் சொன்னதுதானே? அதை வைத்துக்கொண்டு ஜெயசீலனை ஒரு வழி செய்துவிடலாம்.

டீ போட்டுக் கொடுத்தாள். குறை சொல்லக் கூடாது, நல்ல டீ. பிறகு கேட்டாள்:

"அண்ணாச்சி, அப்ப மொதல்ல எழுதுனது பொய்யா?"

"அது அந்த நேரத்துத் தேவைம்மா."

"இது?"

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை நீட்டினேன்.

"ரெண்டு காயிதத்துலயும் எங் கையெழுத்து இருந்தா, நாளைக்கு எம்மக எதை நம்புவா? நான் போடல அண்ணாச்சி. ஒங்க மேல வருத்தமில்ல."

வருத்தமில்லையாம். வருத்தமிருக்கிறவள்தான் அப்படிச் சொல்வாள். ஊரே வேண்டாம் என்று ஒதுக்கிய விளம்பரத்தை வாங்கினேன். வாசகம் எழுதினேன். என் ஏஜென்சி போனது யாரால்? அவள் விளம்பரத்தால். உண்மையைச் சொல்வதற்கு ஒரு கையெழுத்து, அதைப் போட மாட்டேன் என்கிறாள். ஜெயசீலன் துரோகம் செய்தான் என்றால் அவன் உத்தியோகம் அப்படி. இவளுக்கு என்ன? யாரையும் நம்பக் கூடாது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

காலையில் நாலு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது தம்பி. வேன் சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்குப் போகிறேன். கட்டு எனக்கு இல்லை என்று தெரியும். இருந்தாலும் போகிறேன். தெருவில் யாராவது இறந்துபோனால் பழக்க தோஷத்தில் என்னிடம்தான் வருகிறார்கள். அண்ணாச்சி, நல்லதா நாலு வரி எழுதிக் கொடுங்க என்று. எழுதிக் கொடுக்கிறேன். அதை எடுத்துக்கொண்டு அந்தப் புது ஏஜென்டிடம் போகிறார்கள்.

என்ன? எங்கே? இன்னொரு அஞ்சலியா? அதே முதலாளி படமா?

காட்டுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்கிறேன், இருங்கள். ஒன்பதாம் பக்கம். சின்னதுதான். மூன்று விரல் வைத்தால் ஆறு சென்டிமீட்டர், உயரம் எட்டு. கறுப்பு வெள்ளை.

'உங்கள் குரல் கேட்ட வாசலில் இன்றும் நிற்கிறோம்.'

நான் எழுதிக் கொடுத்த வரி தம்பி இது. இப்போது அவளுக்கு அந்த வாசலே இல்லை. இருந்தாலும் அதையே போட்டிருக்கிறாள்.

கீழே என்ன போட்டிருக்கிறது, நீங்கள் படியுங்கள். எனக்குப் பொடி எழுத்து ஆடுகிறது.

மனைவி மரகதம். மகள் சுபா.

மனைவி என்றா போட்டிருக்கிறது? சரியாகப் பார்த்தீர்களா? சரி.

கோவில்பட்டி ஏஜென்டிடம் கொடுத்திருப்பாள். அவனுக்கு எங்கள் ஊர் விவரம் என்ன தெரியும்? என்ன உறவு சொன்னாலும் எழுதிக்கொள்வான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் என்ன வேண்டாம் என்றா சொல்லப்போகிறேன்? ஏஜென்சி இல்லாவிட்டால் என்ன, கூடப் போய் நின்று சரியான சைஸ் சொல்லியிருப்பேன். மேலே இன்னும் ஒரு சென்டிமீட்டர் விட்டிருக்க வேண்டும். முகம் இடிக்கிறது.

அவர்கள் ஐந்தாம் பக்கம். இவள் ஒன்பதாம் பக்கம். ஒரே நாள், ஒரே பேப்பர். சிவப்புப் பேனாக்காரர் இந்நேரம் இரண்டுக்கும் டிக் அடித்திருப்பார்.

இந்தப் பக்கத்தை எனக்குத் தருவீர்களா? மதுரைக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். உங்கள் பேப்பரில் யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்க வேண்டும். கிழிக்க வேண்டாம், ஸ்டேப்ளர் பின் கிடையாது, மெதுவாக உருவினால் தாள் தனியாக வந்துவிடும். நல்லது.

கோவில்பட்டிக்காரன் வவுச்சர் காப்பியைத் தபாலில் போடுகிறவன். அவள் கைக்குப் போக எப்படியும் மூன்று நாள் ஆகும். நேரில் போய்க் கொடுக்கிற வழக்கமே அவனுக்குக் கிடையாது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை, சொல்லித் தர ஆள் இல்லை.

இந்த ஓரத்தைக் கொஞ்சம் பிடியுங்கள். இங்கே மடிக்கக் கூடாது, நெற்றியில் விழும். இப்படி, மூன்றாக. இப்போது அவர் முகம் முழுசாக வெளியே இருக்கிறது பாருங்கள்.

கண்டக்டர், மில் ஸ்டாப் ஒன்று இருக்கிறது.

கவர் ஒன்றுதான் இருக்கிறது. இரண்டையும் வைத்தால் கசங்கும். இந்த டைப் அடித்த லெட்டரை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். நாலாக மடித்து அந்த ஷட்டர் இடுக்கில் செருகுங்கள். இன்னும் கொஞ்சம் உள்ளே. ம். சத்தம் நின்றுவிட்டது.